கரடி மூக்கில் ஒரு கட்டு

டமால்!

சத்தம் வந்த வேகத்தில் மெத்தைக் கடைக்காரர் மகளை வாரித் தூக்கிக்கொண்டு கேட் தூணுக்குப் பின்னால் பதுங்கினார். மாடி ஜன்னலிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. புகைக்குப் பின்னாலேயே ஒரு நாற்காலி வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு. கடைசியாக, படிக்கட்டு வழியாக, ஒரு மனிதர் நடந்து வந்தார். அவருக்கு ஒரு பக்கத்துப் புருவம் இல்லை. சட்டையில் பாதி இல்லை. முகத்தில் மட்டும் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய களை இருந்தது.

"எரிமலைங்க," என்றார் அவர், யாரும் கேட்காமலே. "கடைசிப் பக்கத்துல இருக்கிற மாதிரியே வந்துருச்சு. என் பையன் பாஸ்."

சொல்லிவிட்டு வாட்ச்மேன் மேல் சாய்ந்தார். வாட்ச்மேன் அவரைப் பழக்கப்பட்ட கையால் தாங்கி, சுவரோரமாக உட்கார வைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புது அட்மிஷனா? உள்ள போங்க சார். கண்ணாடி போட்டிருக்கீங்களே, கழட்டி பையில வெச்சுக்குங்க."

"அப்பா, அந்த மாமாவோட புருவம் எங்க போச்சு?" என்றாள் சுண்டு.

"தெரியலையே கண்ணு. பாக்கலாம் வா."

சுண்டுவுக்கு ஐந்து வயது. அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் கேள்வி. மெத்தைக்குள்ளே இருக்கிற பஞ்சுக்கு மூச்சு முட்டாதா? தண்ணீர் எங்கே உட்காரும்? நிழலை மடிக்க முடியுமா? மெத்தை வாங்க வந்தவர்கள் அவளுக்குப் பதில் சொல்லிக் களைத்து, அதே மெத்தையில் படுத்து ஓய்வெடுத்துவிட்டுப் போவார்கள். அப்பாவும் எதையும் மழுப்ப மாட்டார். பஞ்சை நனைத்தால் ஏன் கனக்கிறது என்று அவள் கேட்டால், கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீரோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: இந்தக் குழந்தையை 'தொட்டுப் பார்' நிலையத்தில் சேர்த்துவிடுங்கள், எங்கேயோ போய்விடுவாள்.

சேர்க்காமலிருக்கவும் வழியில்லை. ஊரில் எந்தப் பள்ளியானாலும் ஒன்றாம் வகுப்பில் இடம் வேண்டுமென்றால் ஆர்வச் சான்றிதழ் கேட்டார்கள். குழந்தைக்கு இயற்கையாகவே அறிவியல் ஆர்வம் இருக்கிறது என்று எழுதி, முத்திரை குத்திய காகிதம். அதைக் கொடுக்கும் அதிகாரம் தொட்டுப் பார் மழலை அறிவியல் நிலையத்துக்கு மட்டும்தான் இருந்தது.

நிலையத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் 'தொட்டுப் பார்' என்று இருந்தது. உள்ளே ஒவ்வொரு அறைக் கதவிலும் 'தொடாதே' என்று இருந்தது.

இயக்குநர் அம்மா வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். இடது கையால் சுண்டுவின் கன்னத்தைக் கிள்ளப் போனவர், பாதியில் நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"குழந்தைங்க கையால செஞ்சுதான் கத்துக்கணும். இதுதான் நம்ம கொள்கை," என்றார். "ஆரம்பத்துல நாங்களும் ஏமாந்து குழந்தைங்க கையிலேயே எல்லாத்தையும் குடுத்துட்டோம் சார். மணலைக் குடுத்தா தலையில போட்டுக்கிட்டாங்க. மிதக்குமா மூழ்குமான்னு பாக்க ஆரஞ்சுப் பழம் குடுத்தா, ஒரு குழந்தை அதை உரிச்சுட்டுப் போட்டுச்சு. மூழ்கிப் போச்சு. புத்தகத்துல ஆரஞ்சு மிதக்குது. நாங்க என்ன செய்ய முடியும்? புத்தகத்தையா மாத்த முடியும்?"

"அப்புறம்?"

"குழந்தையை மாத்திட்டோம்."

மெத்தைக் கடைக்காரர் எதற்கும் இருக்கட்டுமென்று தலையாட்டினார்.

"இப்ப எல்லாம் ஒழுங்கா நடக்குது. வாரத்துக்கு ஒரு படக்கதைப் புத்தகம். அதுக்கு ஒரு செய்முறை. புத்தகத்தைக் குழந்தைக்குப் படிச்சுக் காட்டுவோம். செய்முறையைப் பெத்தவங்க செய்வீங்க. குழந்தை கயித்துக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து ஆர்வமா இருக்கும். முடிவு, புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல இருக்கிற மாதிரியே வரணும். வந்துச்சா இல்லையான்னு நம்ம பொருத்துநர் சார் பாத்துச் சொல்லுவார்."

மூலையில் ஒரு ஒல்லியான மனிதர் பூதக்கண்ணாடியோடு எழுந்து நின்று, இயக்குநர் அம்மாவைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த இயக்குநர் அம்மாவின் படத்தைப் பார்த்தார். படத்தில் மாவுக்கட்டு இல்லை.

"பொருந்தவில்லை," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து திரும்பியதும் மெத்தைக் கடைக்காரர் செய்தியைச் சொன்னார். மனைவி ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் பிரிவில் நர்ஸ்.

"எது, தொட்டுப் பாரா?" அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏங்க, எங்க வார்டுக்கு வர்றதுல பாதி அங்க இருந்துதாங்க வருது. போன வாரம் ஒரு அம்மா, புஜத்துல பல்லு பதிஞ்சு வந்தாங்க. நாயான்னு கேட்டேன். இல்லை, மழைமானின்னாங்க."

"மழைமானி கடிக்குமா?"

"மழைமானியைப் பிடிச்சிருந்தவர் கடிச்சிருக்கார்."

"நான் யார் வம்புக்கும் போகாம ஓரமா நின்னுக்கிறேன்," என்றார் மெத்தைக் கடைக்காரர். பிறந்ததிலிருந்தே அவர் அப்படித்தான். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி.

முதல் புத்தகம் 'குண்டு வாத்து மிதந்தது'. செய்முறை அறையின் நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. சுற்றிலும் ஒரு வகுப்பு நிறையப் பெற்றோர்.

"ஒரு தொட்டிதானா மேடம்?" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"பகிர்ந்துக்கிறதையும் சேத்துத்தான் சொல்லிக் குடுக்கிறோம்," என்று சொல்லி இயக்குநர் அம்மா விசிலை ஊதினார். ஊதிய கையோடு மேஜை மேல் ஏறி நின்றுகொண்டார்.

ஏன் ஏறினார் என்பது அடுத்த நொடியே தெரிந்தது. சிமென்ட் ஏஜென்ட் ஒருவர், கதவு அகலத்துக்கு இருந்தவர், இரண்டு முழங்கையாலும் வழி செய்துகொண்டு தொட்டியை அடைந்தார். பல் டாக்டரம்மா அவருடைய முழங்காலுக்குப் பின்னால் ஓர் உதை விட்டு, அவர் மடங்கியதும் முதுகில் ஏறி, அங்கிருந்து கையை நீட்டித் தன் கார்க்கைத் தண்ணீரில் போட்டார். வங்கி மேலாளர் ஒருவர் தன் மர உருண்டையைப் பிடுங்கியவரின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். பிடுங்கியவர் மேலாளரின் தலையைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினார். குமிழிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் வருவது நின்றது.

கயிற்றுக்கு அப்பால் குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தின் கடைசியில் அச்சாகியிருந்த கேள்வியை ஆசிரியை சொல்லச் சொல்லக் கோரஸாகக் கேட்டார்கள்: "வாத்து ஏன் மி-தந்-தது? வாத்து ஏன் மி-தந்-தது?"

அமுக்கியவர் கையை எடுத்தார். வங்கி மேலாளர் மல்லாந்து மேலே வந்தார். பொருத்துநர் அவரருகே கடைசிப் பக்கத்தைப் பிடித்து, வயிற்றையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொருந்துகிறது. இவருடைய குழந்தை யார்?"

"என் பொண்ணு சார்," என்றார் மேலாளர், தண்ணீரைக் கொப்பளித்தபடி. அவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீரா தொட்டித் தண்ணீரா என்று சொல்ல முடியவில்லை.

மெத்தைக் கடைக்காரர் கையில் ஒரு ரப்பர் பந்தோடு சுவரோரம் நின்றபடியே வகுப்பு முடிந்தது. பொருத்துநர் அவர் எதிரில் வந்து நின்றார்.

"தண்ணீரிலேயே போடவில்லை. பொருந்தவில்லை."

"அப்பா, அந்த மாமா உள்ள போனப்ப தண்ணி ஏன் வெளிய வந்துச்சு?" என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து சுண்டு கத்தினாள்.

பொருத்துநர் பேனாவை எடுத்தார். "அச்சில் இல்லாத கேள்வி," என்று முணுமுணுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் 'பச்சையைத் தேடிய நத்தை'. நத்தை முதலில் மஞ்சளில் ஊர்ந்து, பிறகு நீலத்தில் ஊர்ந்து, கடைசிப் பக்கத்தில் பச்சையாகிவிடும். இந்தத் தடவை ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர், ஒரு சொட்டுக்குழல், மஞ்சள் சாயம், நீலச் சாயம். போன வாரச் சேதத்தைப் பார்த்து மேலிடத்தில் கண்டித்திருந்தார்கள்: தொட்டி உடைந்துவிட்டதாம்.

மெத்தைக் கடைக்காரருக்கு இது பிடித்துப்போனது. மஞ்சளில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இளந்தளிர் மாதிரி ஒரு பச்சை கிளம்பி டம்ளர் முழுக்கப் பரவியது.

"பச்ச! அப்பா, பச்ச!" சுண்டு கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தட்டினாள். ஆசிரியை ஓடிவந்து மறுபடி கட்டிவிட்டாள்.

பொருத்துநர் டம்ளருக்குப் பக்கத்தில் கடைசிப் பக்கத்தைப் பிடித்தார். அச்சகத்தில் மை கலங்கியதோ என்னவோ, பக்கத்தில் இருந்த நத்தை சேற்றில் விழுந்து எழுந்தது போலப் பழுப்பாக இருந்தது.

"பொருந்தவில்லை."

"சார், கதையிலேயே பச்சைன்னுதானே எழுதியிருக்கு?"

"எழுதியிருப்பது பச்சை. படத்தில் இருப்பதும் பச்சை. உங்கள் டம்ளரில் இருப்பதுதான் வேறு ஏதோ."

"சார், இந்தச் செடியைப் பாருங்க. இது பச்சைதானே?"

பொருத்துநர் ஜன்னலோரத் தொட்டிச் செடியருகே போய் அதையும் பக்கத்தோடு ஒப்பிட்டார். "செடியும் பொருந்தவில்லை," என்றார். செடியை அப்புறப்படுத்தினார்கள்.

வரிசையாக எல்லா டம்ளரும் தோற்றுக்கொண்டே வந்தன. அறையில் அழுகைச் சத்தம் எழுந்தது, அழுதது பெற்றோர். அந்த நேரத்தில், வரிசையில் முந்தியவரோடு கைகலந்து உதடு கிழிந்திருந்த சிமென்ட் ஏஜென்ட் தன் டம்ளரைக் குனிந்து பார்த்தார். உதட்டிலிருந்து சொட்டிய ரத்தம் பச்சைக்குள் விழுந்தது. பச்சை கலங்கியது. இன்னும் கொஞ்சம் சொட்டியது. நத்தையின் பழுப்பு அப்படியே வந்தது.

"பொருந்துகிறது!" என்று பொருத்துநர் கூவினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரலில் ஆச்சரியக்குறி கேட்டது.

"அதெப்படி மேடம்? சிவப்பு நமக்குக் குடுக்கவே இல்லையே! வெளியில இருந்து எதுவும் கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம் இருக்கே!" என்று பல் டாக்டரம்மா சண்டைக்கு நின்றார்.

இயக்குநர் அம்மா கண்ணை மூடி யோசித்தார். அறையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உடம்புல இருந்து வர்றது வெளிப்பொருள் ஆகாது," என்று தீர்ப்புச் சொன்னார். "இன்னும் சொல்லப் போனா, பெத்தவங்களோட முழு ஈடுபாடுன்னு நாங்க எதைக் கேக்கிறோமோ அது இதுதான். சிவப்பு எல்லார்கிட்டயும் இருக்கு. தேடிப் பாத்து எடுத்துக்குங்க. கண்டுபிடிப்பு வழிக் கல்விங்கிறது வேற என்ன?"

தேடினார்கள். தன்னிடம் தேடியவர்கள் குறைவு. பக்கத்தில் நிற்பவரிடம் தேடுவது சுலபமாக இருந்தது. ஒருவர் தலையால் இன்னொருவர் வாயில் முட்டினார். ஒரு தாத்தா தன் கைத்தடியின் பூண் கழன்றுபோகுமளவுக்கு மருமகனிடம் தேடினார். பேரன் இருவருக்கும் பொதுதான். ஸ்டீல் ஸ்கேல்கள், சாவிக்கொத்துகள், ஒரு மூக்குத்தி, எல்லாமே ஆய்வுக் கருவிகளாயின.

பல் டாக்டரம்மா நாலு பக்கமும் பார்த்தார். மிக அருகில் இருந்தது மெத்தைக் கடைக்காரரின் மூக்கு.

"சார், ஒரு நிமிஷம். மூச்சை வாயால விடுங்க," என்றவர், அவர் வாயைத் திறப்பதற்குள் குத்திவிட்டார். பிறகு டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்தார். "பின்னால சாயாதீங்க. முன்னால குனிங்க. அவ்வளவுதான். நாலு நாளைக்கு அழுத்தித் தும்மாதீங்க. தேங்க்ஸ் சார்."

மெத்தைக் கடைக்காரர் கையிலும் டம்ளர் இருந்தது. குனிந்தால் போதும், அவருக்கும் பழுப்பு வந்துவிடும். மூக்கிலிருந்து தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கயிற்றுக்கு அப்பால் பார்த்தார். சுண்டு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ரத்தம் சட்டை வழியாகத் தரையில் விழுந்தது. பச்சையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"பொருந்தவில்லை," என்றார் பொருத்துநர்.

வீட்டில் மனைவி அவர் மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டே திட்டினாள். "போதும்ங்க. நாளைக்கே நிறுத்திடலாம். எனக்கு வார்டுல பாக்கிற ரத்தம் போதும், வீட்டுலயும் வேணாம்."

"நிறுத்திட்டு?"

"பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்துல கேளுங்க."

கேட்டார். பக்கத்துத் தெருப் பள்ளியின் தலைமையாசிரியர் சுண்டுவை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். பூனைக்கு ஏன் மீசை, சுவர்க் கடிகாரம் யாருக்குப் பயந்து ஓடுகிறது, சுண்ணாம்புக்கட்டி தேய்ந்து எங்கே போகிறது என்று சுண்டு கேட்டதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அருமையான குழந்தை சார். சான்றிதழ் குடுங்க, இப்பவே சேத்துக்கிறேன்."

"இன்னும் வரலைங்க."

தலைமையாசிரியர் முகம் மாறியது. சுண்டுவை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார். "இவ்வளவு நேரம் பேசினதுல குழந்தைக்கு ஆர்வம் இருக்குன்னு நானே நினைச்சுட்டேன். நல்ல வேளை."

தொட்டுப் பார் நிலையத்தில் இயக்குநர் அம்மா இன்னும் தெளிவாகச் சொன்னார். "கடைசி வாய்ப்பு சார். இந்த வாரம் மேலதிகாரி நேர்ல வர்றார். பொருந்தினா சான்றிதழ். பொருந்தலைன்னா 'ஆர்வமற்றவள்'னு முத்திரை குத்திருவோம். அப்புறம் அதை எந்தப் பள்ளியிலயும் அழிக்க முடியாது."

"மேடம், அவ ஓயாம கேள்வி கேக்கிறவ."

"அதான் சார் பிரச்சனையே. கேள்வியெல்லாம் நாங்க அச்சடிச்சே குடுத்துடறோம். அதுக்கு மேல ஒரு குழந்தை கேக்குதுன்னா, குடுத்ததுல அதுக்கு ஆர்வம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

மெத்தைக் கடைக்காரரை அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள்காரர் இடித்துவிட்டுப் போனார். இடித்தவரிடம் மெத்தைக் கடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை அவரே கவனிக்கவில்லை.

கடைசிப் புத்தகம் 'தூங்காத கரடி'. தூக்கம் வராத கரடியின் மூக்கில் முயல் ஒரு கரண்டிக் கவண் செய்து பஞ்சு உருண்டையை எறிகிறது. கடைசிப் பக்கத்தில் கரடி மூக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி தூங்குகிறது. செய்முறைக்கு ஐஸ் குச்சிகள், ரப்பர் பேண்ட், ஒரு கரண்டி, பஞ்சு.

கரடியாக மேலதிகாரியையே உட்கார வைத்தார்கள். மேடையில் உயரமான நாற்காலி கரடிக்குத்தான் போடப்பட்டிருந்தது; உயரமான நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதை மேலதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார். அட்டையில் வெட்டிய இரண்டு காதுகளைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர் மைக்கைப் பிடித்தார்.

"பெற்றோர்களே! குழந்தைகளிடம் நாம் எதையும் திணிக்கக் கூடாது. அதனால்தான் இந்த நிலையத்தில் குழந்தைகளுக்கு எதுவுமே கொடுக்கப்படுவதில்லை. அறிவியல் என்றால் என்ன? தெரியாததைத் தேடுவது என்று சிலர் சொல்கிறார்கள். அது ஆபத்து. தேடினால் எதுவும் கிடைத்துத் தொலைக்கும். எனவே கிடைக்க வேண்டியதை முதலிலேயே வரைந்துவிட்டோம். நீங்கள் தேடினால் போதும். இதற்காக என் மூக்கையே அர்ப்பணிக்கிறேன்!"

கைதட்டல் ஓய்வதற்குள் இயக்குநர் அம்மா விசிலை ஊதிவிட்டு மேஜைக்கு அடியில் நுழைந்தார். மேஜைக்கு மேல் நிற்கும் காலம் முடிந்துவிட்டது.

சிமென்ட் ஏஜென்ட் லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் கவண் செய்து கொண்டுவந்திருந்தார். பஞ்சு உருண்டை தேங்காய் அளவு இருந்தது. உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவர் தொழில் எல்லோருக்கும் தெரியும். அது மேலதிகாரியின் இடது அட்டைக் காதைக் கொண்டுபோய்ப் பின்சுவரில் துவாரம் போட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"பொருந்தவில்லை. இடம் தவறு."

பல் டாக்டரம்மாவின் பஞ்சுக்குள் இரும்புக் குண்டு இருந்தது. அது மேடைக் கம்பியில் பட்டுத் தெறித்து வந்து பொருத்துநரின் வாயில் அடித்தது. முன்பல் ஒன்று தொங்கியது. டாக்டரம்மா மேடையேறி வந்து, "ஆடக் கூடாது," என்று சொல்லி அதைத் திருகிப் பிடுங்கி அவர் சட்டைப் பையிலேயே போட்டார். பொருத்துநர் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

"பொழுந்தவில்லை," என்றார்.

அதற்குப் பிறகு வரிசை இல்லை. எல்லாக் கவணும் ஒரே நேரத்தில் இழுபட்டன. கரண்டிகள், ஆணி பதித்த உருண்டைகள், கடைசியில் கவண்களே பறந்தன. வங்கி மேலாளரின் காது கிழிந்தது. அவர் கிழித்தவரைத் தேடி, கிடைக்காததால் கையில் கிடைத்தவரை மேடை விளிம்பில் வைத்து மோதினார். கயிற்றுக்கு அப்பால் ஹெல்மெட் மாட்டிய குழந்தைகள் கோரஸாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "கரடி ஏன் தூங்-கவில்-லை? கரடி ஏன் தூங்-கவில்-லை?"

இந்த அமளிக்கு நடுவில் மெத்தைக் கடைக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து, ஐஸ் குச்சியில் ரப்பர் பேண்டைச் சுற்றினார். கடையிலிருந்து கொண்டுவந்த முதல் தரப் பஞ்சைச் சுண்டுவே முந்தின நாள் உருட்டிக் கொடுத்திருந்தாள். கரண்டியை அழுத்தி விட்டார்.

பஞ்சு மிதந்து போனது. எல்லோர் தலைக்கும் மேலே, அவசரமில்லாமல் போய், மேலதிகாரியின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவர் ஒரு தும்மல் போட்டார்.

கூட்டம் அடங்கியது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்தவர் தலைமயிரைப் பிடித்தபடியே நின்று பார்த்தார்கள்.

அமளியில் கீழே விழுந்திருந்த பொருத்துநர் நொண்டியபடி மறுபடி மேடையேறினார். மூக்கைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். "இடம் சரி. பஞ்சு சரி." பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "ஆனால் படத்தில் கட்டு இருக்கிறது. கட்டு இருந்தால் காயம் இருக்க வேண்டும். காயம் எங்கே?"

"சார், பஞ்சு பட்டா காயம் எப்படி சார் வரும்?"

"அது உங்கள் செய்முறையின் குறை."

சுண்டு கயிற்றைக் குனிந்து தாண்டி வந்துவிட்டாள். "கரடிக்கு வலிக்கவே இல்லையே. அப்புறம் எதுக்குக் கட்டு போட்டுச்சு?"

பொருத்துநர் பேனா மூடியைக் கழற்றினார். மேஜைக்கு அடியில் குனிந்து, "அச்சில் இல்லாத கேள்வி. இது எத்தனையாவது தடவை! ஆர்வமற்றவள் என்று எழுதிவிடட்டுமா அம்மா?" என்றார்.

"எழுதிருங்க," என்றது மேஜை.

பேனா காகிதத்தைத் தொடப்போனது. மெத்தைக் கடைக்காரர் மேடையேறினார். அவர் ஓடவில்லை. படிகளில் நிதானமாக ஏறி, பொருத்துநரை ஒரு கையால் விலக்கினார்.

"ஐயா, மன்னிக்கணும்," என்றார் மேலதிகாரியிடம்.

"எதற்கு?"

குத்து மூக்கின் நடுவில் விழுந்தது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. உயரமான நாற்காலி பின்னால் சாய, மேலதிகாரி இருந்த இடத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் சிவப்பு வழிந்தது. பொருத்துநர் பாய்ந்து வந்து துணியைச் சுற்றினார். பக்கத்தைப் பிடித்து ஒப்பிட்டார்.

"பொழுந்துகிறது!"

அதற்கப்புறம் மெத்தைக் கடைக்காரர் இன்னொரு குத்து விட்டார். அதைப் புத்தகம் கேட்கவில்லை. அவர் உடம்பெல்லாம் லேசாகிப்போனது போல இருந்தது. மேலதிகாரி கண்ணைச் செருகிக்கொண்டு தூங்கிப்போனார். உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததைச் சிரிப்பு என்றே பொருத்துநர் ஏற்றுக்கொண்டார்.

மேஜைக்கு அடியிலிருந்து மாவுக்கட்டுக் கை நீண்டது. அதில் சான்றிதழ் இருந்தது. "வாழ்த்துகள் சார்! கட்டு, தூக்கம், சிரிப்பு, மூணும் பொருந்தின ஒரே ஆள் நீங்கதான். உங்க குழந்தைக்கு இயற்கையாவே நல்ல ஆர்வம். அடுத்த வருஷம் பெற்றோர் பயிற்சிக்கு உங்களைக் கூப்பிடுவோம்."

வழி தெரிந்துவிட்டதால் மற்ற பெற்றோர்களும் மேடையேறினார்கள். மேலதிகாரிக்கு இருந்தது ஒரே மூக்கு. சிமென்ட் ஏஜென்ட் முதலில் போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் அங்கே நின்று பார்க்க முடியவில்லை. மெத்தைக் கடைக்காரர் சான்றிதழைப் பல்லில் கடித்துக்கொண்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கே வந்த வங்கி மேலாளரை முழங்காலால் ஒதுக்கி வெளியே வந்தார். வாட்ச்மேன் எழுந்து நின்று சலாம் வைத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்திருந்த ஒருவர் இவர் சட்டையைப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்து போனார். மெத்தைக் கடைக்காரர் உட்கார்ந்து சான்றிதழைத் தொடையில் வைத்து நீவினார். முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கு நாளைக்கே போய்விடலாம்.

சுண்டு அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வீங்கியிருந்த முட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"அப்பா, அந்தக் கரடி மாமாவை ரெண்டாவது தடவை எதுக்கு அடிச்சீங்க?"

அவர் கையை உருவிக்கொண்டார்.

"அதான் ஆர்வச் சான்றிதழ் வாங்கியாச்சே, இன்னும் எதுக்குடி கேள்வி?"